நாலு விரல் இடைவெளி

எங்கள் வண்டியில் நான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி முழுதாக ஏறியது இரண்டே தடவைதான். மேலே நாலு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் உட்காருவேன். ஏசி ஓடினாலும் சரி, முன்னால் குப்பை லாரி போனாலும் சரி. "ஏசி எல்லாம் வெளிய போகுதே மேடம்" என்பார்கள் தெரிந்தவர்கள். போகட்டும். என் வீட்டுக்காரர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போன விஷயங்களில் அதுவும் ஒன்று. வேறு என்னென்ன பொறுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அவர்தான் வாயைத் திறப்பதே இல்லையே.

இந்த நாலு விரல் முடிச்சூரில் ஆரம்பித்தது. பெருமழை பெய்த வருஷம் நாங்கள் அங்கே தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு காலை, ஏரித் தண்ணீர் வருகிறது என்று தெருவில் ஒரே சத்தம். கீழ்க்கட்டளையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று எங்களிடம் இருந்த சின்னக் காரில் ஏறினோம். மெயின் ரோட்டுக்கு வந்ததும் தண்ணீர் முன் பம்பரைத் தொட்டது. நான் பயத்தில் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன கத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. வெளியே இருந்த தண்ணீர் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கரண்டில் இயங்கும் கண்ணாடி இறங்க மறுத்தது. கால் நனைந்தது, சீட் நனைந்தது, மடி நனைந்தது. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் இரும்புக் கம்பியால் பின்கண்ணாடியை உடைத்து எங்களை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறுவதில்லை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. க்ரோம்பேட்டையில் நான் கணக்கு எடுக்கும் பள்ளியில் என் வகுப்புக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். தலைமை ஆசிரியை அதை நான் வெளிப்படையாக நடந்துகொள்ளும் அடையாளம் என்று மேடையில் பாராட்டியிருக்கிறார். நான் திருத்தவில்லை.

முடிச்சூரை விட்டு அஸ்தினாபுரத்தில் இரண்டாம் மாடிக்கு வந்தோம். மறு வருஷமே அவர் நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி ஒன்றை வாங்கினார். சானடோரியம் பக்கம் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவருக்கு மலை ஏறுகிற வண்டி எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மழைக்காலம் வந்ததும் அவர்களே போன் செய்தார்கள், "மாப்ளே, கொஞ்சம் வந்து ஏத்திக்கிட்டுப் போறீங்களா?" என்று. எங்கள் பக்கத்தில் தண்ணீரில் வண்டி ஓட்டுவதற்கு ஒரு பாடம் உண்டு. முதல் கியரைப் போடு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே. மேடு வரும்வரை எது நடந்தாலும் எடுக்காதே. எடுத்தால் சைலன்சர் தண்ணீரைக் குடித்துவிடும், வண்டி செத்தது. எங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்குக் கூட இது தெரியும். என் வீட்டுக்காரர் அந்தப் பாடத்தில் முதல் ரேங்க். இத்தனை மழையில் ஒருமுறை கூட அவர் வண்டி நின்றதில்லை.

அப்படித்தான் வண்டிக்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்தார். ஐந்து வண்டி, ஐந்து குடும்பம். ராஜகீழ்ப்பாக்கத்தில் மணல், ஜல்லி வியாபாரம் செய்பவர் அதற்குத் தலைவர். ஆள் கூட்டத்தில் பேசினால் மைக் தேவைப்படாது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கும் சேர்த்து அமைதி அந்த அம்மாளிடம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு அறிவித்தார்.

"பாலைவனம் போறோம் மச்சான். ராஜஸ்தான். மணல்லயே ஓட்டுறோம், மணல்லயே டென்ட் போடுறோம். இன்னா சொல்ற?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த மழைக்குப் பிறகு அவர் எனக்கென்று எது வேண்டுமானாலும் செய்தார், தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அந்தப் பார்வையில் கேட்டார். எனக்கோ கணக்கு வேறாக ஓடியது. இத்தனை தூரம் காருக்குள், பிறகு டென்டுக்குள், அதுவும் நினைத்த நேரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வர முடியாத இடத்தில்.

தலைவர் போன பிறகு சொன்னேன். "வர்றேன். ஆனா ஒண்ணே ஒண்ணு. நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்தணும். எங்க இருந்தாலும், யார் பார்த்தாலும். அந்த நிமிஷமே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தார்.

"சரி" என்றார்.

பயிற்சிக்கு என்று கோவளம் போனோம். மீன்பிடிப் படகுகளைத் தாண்டி, அலை நனைத்துவிட்டுப் போன ஓரத்தில் ஐந்து வண்டிகளும் ஊர்வலம் போயின. காயப்போட்டிருந்த வலைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "யோவ், வலை காஞ்சிக்கினு கீது, கண்ணு தெரியல? வூட்ல ரோடு இல்லியா ஒனக்கு?" எனக்கு அவளோடு சேர்ந்துகொள்ளலாம் போல இருந்தது. வண்டி எதுவும் புதையவில்லை. தலைவர் எல்லோருக்கும் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, "மணல் நம்ம கையில" என்று முடித்துவிட்டார். நனைந்த மணல் சிமென்ட் போல இறுகியிருக்கும் என்பதை, மணல் விற்றே வீடு கட்டியவர் உட்பட, ஒருவரும் யோசிக்கவில்லை.

கேம்ப் ரோட்டிலிருந்து விடியலில் கிளம்பினோம். சக்கரத்துக்கு ஒன்று என்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, கற்பூரம் காட்டினோம். ஐந்து வண்டி வரிசையில் நாங்கள் மூன்றாவது. வரிசை மாறக் கூடாது, யாரும் தனியாக நிற்கக் கூடாது, தலைவர் சொன்னால்தான் நிற்க வேண்டும். இது சட்டம். வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி. அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வது பக்கத்தில் உட்காருகிற பெண்டாட்டியின் வேலை. பட்டனை அழுத்தினால் நாம் பேசுவது ஐந்து வண்டிக்கும் கேட்கும்; அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. இதை ஆந்திரா தாண்டுவதற்குள் கற்றுக்கொண்டேன். மடியில் வைத்திருந்த வாக்கி டாக்கியின் பட்டன் என் கைப்பையின் அடியில் மாட்டி, நான் என் வீட்டுக்காரரிடம் "அந்த ஆளுக்குப் பொம்பளைங்க ஒண்ணுக்குப் போவாங்கன்னே தெரியாதா?" என்று கேட்டது ஐந்து வண்டிக்கும் ஒலிபரப்பானது. அடுத்த பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது. தலைவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "சாரி மேடம்" என்றார். ஐந்து வண்டிப் பெண்களும் இறங்கி ஓடினோம்.

நாட்கள் அப்படியே போயின. புளியோதரை, பருப்புப் பொடி, பின்னால் ஹாரன், முன்னால் இரண்டாவது வண்டியின் பின்பக்கம். நான் நாலு விரல் இடைவெளியில் மூக்கை வைத்துக்கொண்டு இந்தியாவைக் கடந்தேன். ஜோத்பூரில் விமானம் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டியபடி விசில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் விசில் அடித்து நான் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அந்த விசில்தான் என்னை மாட்டிவிட்டது.

ஜெய்சல்மேர் தாண்டி மணலுக்குள் இறங்கியதும் சக்கரம் புதையாமல் இருக்க டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டார்கள். முதல் நாள் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலைவனம் திறந்தவெளி, மூச்சு விட வசதியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அப்படி இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல இருந்தால் எந்தப் பக்கமும் வழி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஒதுங்கப் புதர் இல்லை, நடந்து போய்த் தொட ஒரு கடை இல்லை. அந்த ஐந்து வண்டிதான் ஊர், அந்த ஐந்து குடும்பம்தான் உலகம். டென்டின் ஜிப்பைத் திறந்து போட்டுத் தலையை வெளியே நீட்டித்தான் படுத்தேன். காலையில் காதுக்குள் மணல் இருந்தது.

மறுநாள் முற்பகல் காற்று எழுந்தது. மணல் தரையோடு தரையாக ஓட ஆரம்பித்து, பிறகு வண்டி உயரத்துக்கு வந்துவிட்டது. வாக்கி டாக்கியில் தலைவர் குரல். "எல்லாரும் கண்ணாடிய ஏத்துங்க. நம்பர் த்ரீ, மேடம், உங்களத்தான். அந்த மேட்ட ஏறிட்டா அந்தப் பக்கம் காத்து இருக்காது. ஒவ்வொருத்தரா வாங்க."

நான் ஏற்றவில்லை. மணல் உள்ளே வந்தது. டாஷ்போர்டில், அவர் கண்ணாடியில், கண்ணில். முதல் இரண்டு வண்டிகள் மேட்டைத் தாண்டிவிட்டன. எங்கள் முறை. அவர் ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே தன் பக்கத்துப் பட்டனை அழுத்தினார். என் கண்ணாடி ஏறியது. நாலு விரல், இரண்டு விரல், ஒன்றுமில்லை. நான் என் பட்டனை அழுத்தினேன். இறங்கவில்லை. அவர் பூட்டியிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ரெண்டே நிமிஷம்மா. கண்ணு தெரியல எனக்கு."

வண்டி மேடேறத் தொடங்கியது. வெளியே எல்லாக் கண்ணாடியிலும் ஒரே பழுப்பு நிறம். அந்த நிறம் எனக்குத் தெரியும். முடிச்சூர்த் தண்ணீரின் நிறம் அதுதான்.

"நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தவில்லை. பாதி மேட்டில் சக்கரங்கள் வழுக்கின. வண்டி முன்னே போவதை விட்டுவிட்டு அதே இடத்தில் ஆடியது. "மச்சான், கால எடு! கால எ..." என்று தலைவர் குரல் வந்து பாதியில் அறுந்தது.

"நிறுத்துங்க! எனக்கு மூச்சு முட்டுது! நீங்க சொன்னீங்க இல்ல? நிறுத்துங்க!"

அவர் இன்னும் அழுத்தினார். எஞ்சின் அலறியது. சக்கரம் சுற்றச் சுற்ற மணலைத் தோண்டிக்கொண்டு வண்டி கீழே இறங்கியது, என் பக்கமாகச் சாய்ந்தது. ஏதோ எரிகிற வாடை. கதவைத் திறக்கப் பார்த்தேன். மணல் வெளியே இருந்து பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. பயத்தைவிடப் பெரிய கோபம். ஒரே ஒரு வாக்கு கேட்டேன், அதையும் காப்பாற்றவில்லையே இந்த மனுஷன் என்று திரும்பி, அடிக்கக்கூட அடித்திருப்பேன்.

அவர் முன்னால் பார்க்கவில்லை. மேட்டைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கால் தொடையிலிருந்து நடுங்கியது, ஆனால் பாதம் மட்டும் ஆக்சிலரேட்டரை விட்டு வரவில்லை.

"கால எடுங்க" என்றேன். என் குரல் எப்படியோ தணிந்துவிட்டது.

"எடுக்க மாட்டேன். எடுத்தா உள்ள வந்துடும்."

"எதுங்க?"

"தண்ணி."

சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை சொட்டுத் தண்ணீர் இல்லாத இடம் அது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீட்டிலிருந்து சரிந்து, அவர் முழங்காலுக்கு அடியில் வலது கையைக் கொடுத்துத் தூக்கினேன். கல் மாதிரி கனத்தது. இன்னொரு முறை தூக்கினேன். பாதம் எழுந்தது. எஞ்சின் அடங்கியது. மணல் கண்ணாடியில் அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு நீ நிறுத்துங்கன்னு சொன்ன" என்றார், இன்னும் கீழேயே பார்த்துக்கொண்டு. "கத்தினே. நான் கால எடுத்துட்டேன். ஒரே ஒரு செகண்டு. அதுலதான் வண்டி நின்னுச்சு. நான் எடுத்திருக்கக் கூடாது."

நான் என்ன கத்தினேன் என்று அன்று வரை எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் என் நாலு விரல் இடைவெளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிய மனுஷன் அதைச் சொல்லவே இல்லை. நான் அவரிடம் வேறு எந்த வாக்கு கேட்டிருந்தாலும் கொடுத்துக் காப்பாற்றியிருப்பார். நான் கேட்டது அவரால் முடியாத அந்த ஒன்றை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, துடைத்ததையே துடைத்து, அதற்கும் சரி என்றிருந்தார்.

"கண்ணாடிய இறக்கிவிடுங்க" என்றேன்.

இறக்கினார். முழுதாக. மணல் இரண்டு பேர் மேலும் கொட்டியது. அந்தத் திறப்பு வழியாக நான் வெளியே குதித்திருக்கலாம். அவர் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் இடது கை வலிப்பது தெரிந்தது. விரல்களைப் பிரித்தேன். வாக்கி டாக்கி. பட்டனில் என் கட்டைவிரல் பதிந்து வெளுத்திருந்தது. பயத்தில் இறுக்கிப் பிடித்தவள் விடவே இல்லை. தலைவர் குரல் பாதியில் அறுந்தது அதனால்தான். நாங்கள் பேசிய அத்தனையும் மற்ற நாலு வண்டிக்கும் போயிருந்தது.

கட்டைவிரலை எடுத்த பிறகும் அதிலிருந்து சத்தம் வரவில்லை. ஆந்திராவிலிருந்து ஒவ்வொரு தும்மலுக்கும் கிண்டல் செய்துகொண்டு வந்த கூட்டம் அது. ரொம்ப நேரம் கழித்துத் தலைவர் பேசினார். அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது.

"மச்சான், கேட்டுக்கினுதான் இருந்தோம். அப்டியே இரு. வந்துகினே இருக்கோம்."

மண்வெட்டிகளோடு வந்தார்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, காற்றில் கண்ணை இடுக்கிக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றித் தோண்டினார்கள். யாரும் "இன்னா மச்சான், பாலைவனத்துல தண்ணியா?" என்று கேட்கவில்லை. தலைவர் குனிந்தபடி, "கோவளத்துல மண்ணு ஈரமா இருந்தது மச்சான். நாந்தான் யோசிக்கல" என்று மட்டும் சொன்னார். தலைவர் வீட்டு அக்கா என்னை வண்டியின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போய், தன் புடவைத் தலைப்பை நனைத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எங்க வூட்டு வண்டி ஏன் இம்மாம் ஒசரம்னு நெனச்சே?" என்றாள். "மண்ணு வியாபாரத்துக்கா? எங்க வூட்லயும் தண்ணி தலைக்கு மேல போச்சும்மா. இந்த அஞ்சு வண்டியும் அந்த வருஷத்துக்கு அப்புறம் வாங்கினதுதான்."

மேலே பார்த்தேன். ஊரிலேயே உயரமான வண்டி வேண்டும் என்று தேடி வாங்கிய ஐந்து பேர், முழங்கால் வரை மணலில் நின்றுகொண்டு அதில் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்தார்கள்.

திரும்பி வந்த கதையில் சுவாரஸ்யம் இல்லை. அதே புளியோதரை, அதே வரிசை. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் தலைவர் தானாகவே நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் அந்த மேட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவர் பேசாததற்குக் காரணம் பழக்கம். நான் பேசாததற்குக் காரணம், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அந்த வருஷ ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கீழ்க்கட்டளை அக்கா வீட்டிலிருந்து கிளம்பினோம். நாங்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கொட்டித் தீர்த்திருந்தது. ஏரிக்கரைப் பக்கம் வந்தபோது ரோடு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. பின்னால் பஸ், பக்கத்தில் லாரி, திரும்ப இடமில்லை. வண்டியைத் தண்ணீரில் இறக்கினோம். தண்ணீர் பம்பருக்கு வந்தது. அந்தப் பழுப்பு நிறம் என் பக்கத்துக் கதவில் அடித்தது. நாலு விரல் இடைவெளி வழியாக ஒரு வாய்த் தண்ணீர் என் தோளில் தெறித்தது.

எனக்கு நெஞ்சு அடைத்தது. இதெல்லாம் ஒருநாள் அழுகையில் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தொண்டைக்குள் அந்த வார்த்தை முழுதாக வந்து நின்றது. அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"நிறுத்தட்டுமா?" என்றார்.

நான் சொன்னால் நிறுத்தியிருப்பார். நடுத் தண்ணீரில், இரண்டாவது முறையாக, நான் சொன்னேன் என்பதற்காகக் காலை எடுத்திருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் பட்டனை அழுத்தினேன். கண்ணாடி ஏறி மேலே முட்டி நின்றது. உள்ளே திடீரென்று சத்தம் அடங்கிப்போனது.

"வேணாம்" என்றேன். "கால எடுக்காதீங்க."

மூச்சை எண்ணி எண்ணி விட்டேன். அவர் முழங்கால்மேல் கை வைத்திருந்தேன். பஸ் ஒன்று எதிரே அலையைக் கிளப்பிக்கொண்டு போனது, வண்டி ஒருமுறை தள்ளாடியது. அவர் எடுக்கவில்லை. தண்ணீர் பம்பரை விட்டு இறங்கியது, சக்கரத்தை விட்டு இறங்கியது, பிறகு தார் ரோடு தெரிந்தது. ரோடு வந்த பிறகும் வண்டி முதல் கியரில் அலறிக்கொண்டே போனது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடு வந்துடுச்சுங்க" என்றேன். "இப்ப எடுங்க."

எடுத்தார்.